காது நுனியில் ஒரு கணக்கு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் ஊருக்கு மறுபுறம், மலையை ஒட்டி இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அங்கே ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் தாய்ப் பூனை ஒன்றைப் பார்த்தேன். வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் திட்டுத் திட்டாகப் படர்ந்த உடம்பு. பக்கத்து அட்டைப் பெட்டியில் கண் திறந்தும் திறவாத மூன்று குட்டிகள்.

"எச்சில் இலைக்கு எலி வருதுங்க, எலிக்கு இது வருது. இது இருந்தா எங்களுக்கு நிம்மதி. ஆனா வருஷத்துக்கு ரெண்டு மூணு ஈத்து போட்டா, இத்தனை குட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் கடைக்காரர்.

நியாயமான கேள்வி. விடை அந்தப் பூனையின் உடம்பிலேயே இருக்கிறது.

முதலில் அதன் நிறம். பூனைக்குச் செம்பட்டை நிறம் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கரு வளரும்போதே ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று உறங்கிவிடும். செம்பட்டைக்கான எக்ஸ் விழித்திருக்கும் இடம் செம்பட்டை, மற்றது விழித்திருக்கும் இடம் கறுப்பு. அதனால்தான் மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண். அந்த மரபணு எது என்பதை ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டது 2025இல்தான். கருத்தடைக்குப் பூனை பிடிப்பவர்களுக்கு இந்த நிறம் நல்ல அடையாளம். தூரத்தில் பார்த்தே, "முதலில் இதைப் பிடி" என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது கருத்தரிக்கும் விதம். பெண் பூனைக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். ஆகவே கரு தப்புவது குறைவு. சுமப்பது ஏறத்தாழ ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகலாம். நான்கைந்து மாதத்தில் அந்தக் குட்டியே பருவத்துக்கு வந்துவிடும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகளுக்குப் பருவம் ஓய்ந்திருக்கும். நம் ஊரில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஆண்டு முழுவதும் குட்டிகள் பிறக்கின்றன.

இதற்கு ஊரில் காலங்காலமாக இருக்கும் வைத்தியம் ஒன்றுதான்: கோணியில் கட்டி ஊர்க்கோடியில் விட்டுவிட்டு வருவது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வது நாம்தான். எச்சில் இலை அங்கேயே கிடக்கிறது, எலி அங்கேயே இருக்கிறது. காலியான பெஞ்சடிக்குப் பக்கத்துத் தெருப் பூனை குடிவரும், அதுவும் குட்டி போடும். கோணியில் போனதோ, தெரியாத இடத்தில் பசியோடும் நாயோடும் போராடும்.

காலி செய்யாமல் பெருக்கத்தை மட்டும் நிறுத்துவதுதான் வழி. நாய்கள் விஷயத்தில் தமிழ்நாடு இதை முன்பே கண்டுகொண்டது. சென்னையின் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று வாதாடிக்கொண்டே இருந்தது. 1996இல் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001இல் நாய்களுக்கான மத்திய விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் 2023 மார்ச்சில் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 'சமூக விலங்கு' என்றே ஒரு சொல்லைத் தருகின்றன: ஊருக்குள் பிறந்து, யாரும் உரிமை கோராத, காட்டு விலங்கல்லாத உயிர். டீக்கடைப் பூனைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. சோறு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் வாசல், படிக்கட்டிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும், வைப்பவர் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன.

அறுவை எளிது. கூண்டுக்குள் கொஞ்சம் கருவாடு. பூனை உள்ளே போனதும் கதவு விழும். மயக்க மருந்து கொடுத்து, பெண்ணுக்குச் சூலகத்தையும் ஆணுக்கு விதைகளையும் எடுத்துவிடுகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடலாம். மயக்கம் தெளியும் முன் காது நுனியில், பெரும்பாலும் இடக்காதில், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டுகிறார்கள். கூம்பிய காது தட்டையாகிவிடும். ஒருமுறை அறுவை ஆன பூனையை மறுபடி பிடித்து, மயக்கி, வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் கொடுமையை அந்தச் சிறு வெட்டு தடுக்கிறது. பிறகு பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். கடுவனாக இருந்தால் இரவுக் கத்தலும் சண்டையும் மூத்திர நாற்றமும் வெகுவாகக் குறையும்.

பூனைகளுக்கு அரசே இதைச் செய்யும் இடமும் உண்டு. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமமும் மைக்ரோசிப்பும் பெற்று வீட்டுக்கு இரண்டு வளர்க்கலாம். தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, வீடு தேடித் தருவதையோ திரும்ப விடுவதையோ அரசே திட்டமாக நடத்துகிறது. திருவண்ணாமலையும் 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. நாய்க்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கு பூனைக்கும் வேண்டும்.

ஒன்றிரண்டுக்குச் செய்து நிறுத்தினால் பலனில்லை. ஒரு தெருவின் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செய்தால்தான் எண்ணிக்கை இறங்கும். இலையை அன்றன்றே அள்ளவும் வேண்டும். மலைக்காட்டின் ஓரத்தில் சோறு வைக்கக் கூடாது, ஏனென்றால் பூனை எலியோடு நிற்காது. ஓணான், அணில், குருவி எல்லாம் அதற்கு இரைதான். பூனை கீறினாலோ கடித்தாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போய்விட வேண்டும்.

கடைக்காரரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "குட்டிங்க பால் மறக்க ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள கடுவன் வந்தா விடாதீங்க. அதுக்கப்புறம் தாயைக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணிட்டு இங்கேயே விட்டுடலாம்." அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "திரும்ப இதே பெஞ்சுக்கே வந்துடுமா?" என்றார். வந்துவிடும். எலி பிடிக்கும், வெயிலில் படுத்துத் தூங்கும், காது மட்டும் தட்டையாக இருக்கும். அந்தக் காதைப் பார்க்கிற யாரும் அதைக் கோணியில் கட்ட வேண்டியதில்லை.