கடல்மல்லைத் துறையும் காட்சியிடங்களும்

பீர்க்கன்கரணையிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் செல்வோருட் பெரும்பாலோர் சிற்பங்களைக் கண்டு மீள்வர். துறைமுகப் பட்டினத்தை எண்ணிப் பார்ப்பார் சிலரே. இக்குறையை நீக்கிக் காணுதல் வேண்டுமென்பது எமது கருத்து.

திருமங்கையாழ்வார் இவ்வூரைப் பாடுங்கால், நிதியும் யானையும் மணியும் சுமந்து பாரத்தால் வளைந்து செல்லும் கலங்களைக் கூறுகின்றார். தலசயனத்தை வணங்கப் புகுந்தவர் கண்ணையும் துறையே முதலிற் கவர்ந்தது போலும்! இராசசிம்மன் எடுத்த கடற்கரைக் கோயிலில் இரு சிவன் கோயில்களுக்கிடையே திருமால் பள்ளிகொண்டுள்ளார். அதன் விமானங்கள் கடலிலிருந்து வருவார்க்கு அடையாளமாக நின்றிருக்கும் எனக் கொள்வது பொருந்தும். பிற்கால ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில்கள் எனப் பெயரிட்டழைத்ததும் இதற்கு அரண் செய்யும். குன்றின் மேலுள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயில் முன்பு கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. அருகிலுள்ள கற்கோபுர விளக்கம் 1904இல் இயங்கத் தொடங்கியது.

வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மணலை அரித்துக் கல்வெட்டுடைய பாறையை வெளிப்படுத்திற்று. அதன் துணைகொண்டு 2005இல் அகழ்ந்தபோது முருகன் கோயிலொன்று கிடைத்தது. பல்லவர் கற்றளியின் கீழே அதனினும் பழைய செங்கற்கோயில் இருந்தமை பெரிதும் கருதத்தக்கது. புலிக்குகையளவில் திரும்பிவிடுவோர் இதனை இழக்கின்றனர்.

தெற்கே சதுரங்கப்பட்டினத்தில், துணி வாணிகத்தின் பொருட்டு வந்த ஒல்லாந்தர் கட்டிய செங்கற்கோட்டையும் அவர்தம் கல்லறைகளும் உள. மல்லைத்துறை மங்கிய பின்னரும் இக்கரையிற் கலங்கள் வந்து நின்றமைக்கு அவையே சான்று.