உப்பு போட்ட ட்ரிப்பு!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச மறுநாளே கேன்டீன் டேபிள்ல மேப்பை விரிச்சு உட்கார்ற பார்ட்டியா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

எங்க கேங்க் முதல்ல போட்ட பிளான், ராஜஸ்தான். ஜெய்சால்மர் பக்கம் பாலைவன தேசியப் பூங்காவுல கானமயில், ரந்தம்பூர்ல புலி, பரத்பூர் கேவலாதேவ்ல நீர்ப்பறவைகள், நடுவுல சாம்பர் உப்பு ஏரியில பூநாரைக் கூட்டம். ஆறு பேர், ஏழு நாள்... பேப்பர்ல பார்க்க செமையா இருந்தது. அப்புறம்தான் ஒருத்தன் ஸ்கேல் வச்சு அளந்தான். ஜெய்சால்மர்ல இருந்து பரத்பூருக்கே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல. அதாவது சென்னை டு கன்னியாகுமரி, பாஸ்! பாதி நாள் ரயில்லயும் பஸ்லயுமே தூங்கணும். பட்ஜெட்டைக் கூட்டிப் பார்த்ததும் டேபிளே கப்சிப்.

"உப்பும் பூநாரையும்தானே மச்சி பார்க்கணும்? எங்க ஊர்ப் பக்கம் வாங்கடா!" - வாயைத் திறந்தது திண்டிவனத்துக்காரன். அவன் சொன்ன ஊர், மரக்காணம்.

நீங்களும் அந்த ஊரைப் பார்த்திருப்பீங்க... பார்க்காமலும் போயிருப்பீங்க! ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரிக்குப் பறக்கும்போது, சென்னையில இருந்து சுமார் 120 கிலோமீட்டர்ல, ரோட்டோரமா சதுரம் சதுரமா கண்ணாடி பதிச்ச மாதிரி தரை, வரப்பு மேல கீத்து போட்டு மூடின வெள்ளைக் குவியல்கள் வருமே, அதேதான். ஜன்னல் வழியா ஒரு போட்டோ, அப்புறம் மறுபடியும் ஹெட்போன். அதுவரைக்கும் எங்களுக்கும் மரக்காணம்னா அவ்வளவுதான்.

இந்த ட்ரிப்புக்குப் பர்ஸைவிட முக்கியம் காலண்டர். எந்த மாசம் போறீங்கங்கிறதுலதான் மொத்த மேட்டரும் இருக்கு.

பறவை பார்க்கணுமா? மரக்காணத்தை ஒட்டி இருக்கு கழுவெளி. ஒரு பக்கம் நல்ல தண்ணி, கடல் பக்கம் உவர்த் தண்ணி. எடையன்திட்டு முகத்துவாரம் வழியா வங்கக்கடலைத் தொடுற பெரிய சதுப்பு ஏரி. 2021 டிசம்பர்ல தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சது. 2024 ஆகஸ்ட்டுல ராம்சார் பட்டியல்லயும் இடம் பிடிச்சாச்சு. பரப்பு 5,151 ஹெக்டேர். புரியலையா? ஐ.ஐ.டி. மெட்ராஸ் கேம்பஸ் மாதிரி இருபதை உள்ளே வைக்கலாம்! மத்திய ஆசியாவுல இருந்து தெற்கே வர்ற வலசைப் பறவைகளுக்கு இது ஒரு முக்கியமான ஸ்டாப்பிங். கருவால் மூக்கன், ஊசிவால் வாத்து, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை... அதிர்ஷ்டம் இருந்தா பூநாரையும். சீஸன், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்.

உப்பு பார்க்கணுமா? அதுக்கு வெயில் வேணும். ஜனவரியில பாத்தியை வெட்டி, சேத்தை நாள்கணக்கா காலால மிதிச்சு மிதிச்சு சிமென்ட் தரை மாதிரி இறுக்குவாங்க. அப்புறம்தான் தண்ணி பாய்ச்சுறது. ஒரு பாத்தியில கொஞ்சம் காய்ஞ்சதும் அடுத்த பாத்திக்கு, அங்கே இன்னும் காய்ஞ்சதும் அதுக்கடுத்ததுக்கு. உப்புத்தன்மையை 'பாமே'ங்கிற அளவுல சொல்வாங்க. கடல் தண்ணி 3 டிகிரி சொச்சம். 25 டிகிரியைத் தொட்டாத்தான் உப்பு படிய ஆரம்பிக்கும். 30 டிகிரி வரைக்கும் விட்டா மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். அதுக்குள்ளே மிச்சத் தண்ணியை வடிச்சுடணும். (நாம ஒரு டிகிரி வாங்கவே நாலு வருஷம். இவங்க வெயில்லயே 25 டிகிரி வாங்குறாங்க!) கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சாப்பாட்டு உப்பு 27 கிராம்தான். அப்படின்னா ஒரு கிலோவுக்கு 37 லிட்டர் ஆவியாகணும். ஸ்டவ் இல்லை, கரன்ட் பில் இல்லை. இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர்ல இதுதான் நடக்குது. அறுவடை உச்சத்துல இருக்கறது ஏப்ரல், மே, ஜூன்.

பிரச்னை புரியுதா? பறவை வந்தா உப்பு இல்லை. உப்பு வந்தா பறவை இல்லை. ரெண்டும் ஒண்ணா கிடைக்கிறது பிப்ரவரி கடைசியில இருந்து மார்ச் பாதி வரைக்கும்தான். எங்களுக்கு இன்டர்னல் டெஸ்ட் நேரம். இருந்தாலும் ஒரு சனிக்கிழமையைத் திருடிட்டோம்!

முதல் நாளே திண்டிவனத்துல நண்பன் வீட்டுல டேரா. விடிகாலையில கிளம்பினா மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர்தான். நீங்க சென்னையில இருந்து நேரா போறதா இருந்தா, பஸ் ஏறும்போதே "ஈ.சி.ஆரா, பைபாஸா?"னு கண்டக்டர்கிட்ட கேட்டுடுங்க. பைபாஸ் பஸ் மரக்காணம் பக்கமே எட்டிப் பார்க்காது.

ஆறரை மணிக்கு உப்பளத்துல நின்னோம். நாங்கதான் சீக்கிரம்னு நினைச்சா, அங்கே பாதி வேலையே முடிஞ்சிருந்தது. வெயில் ஏறிட்டா வெள்ளைத் தரை கண்ணைக் குத்தும். அதனால இருட்டுலயே ஆரம்பிச்சுடறாங்க. நீளக் கம்பு நுனியில பலகை வச்சு ஒருத்தர் உப்பை வார, பெண்கள் கூடையில தலைச்சுமையா வரப்புக்குக் கொண்டுபோய்க் கொட்டுறாங்க. பக்கத்துப் பாத்தியில பவளக்காலி ஒண்ணு, மாடல் மாதிரி நடந்துட்டிருந்தது. கேமராவைத் தூக்கிட்டு ரெண்டு அடி இறங்கினேன்.

"தம்பி! அதுல கால் வைக்காத. மிதிச்சுக் கட்டுன தரை, சேறு கலங்கிடும்" - கூடையை இறக்கிட்டு ஒரு அக்கா அதட்டினாங்க. ஸாரி சொன்னதும் சிரிச்சுட்டாங்க. அவங்க காலைப் பார்த்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு. அந்த வெடிப்புல உப்புத் தண்ணி பட்டா எப்படி இருக்கும்னு கேட்க நினைச்சு, கேட்கலை.

"பறவை பார்க்கவா வந்தீங்க? மழைக்காலத்துல வந்தா கூட்டமா பார்க்கலாமே. அப்ப எங்களுக்குத்தான் வேலை கிடையாது..."

இவ்வளவு பிளான் போட்டும் இது எங்க மண்டையில ஏறவே இல்லை. நாம 'சீஸன்'னு வட்டம் போடுற அதே நவம்பர், டிசம்பர்தான் அவங்க அடுப்புக்கு ஆஃப் சீஸன். அக்டோபர்ல மழை ஆரம்பிச்சா பாத்தி முழுகிடும், கூலி நின்னுடும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ, உப்பளமும் ரோடும் ஒரே தண்ணிக்காடு. இந்த மூணு மாசத்துக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தர்ற திட்டத்தை 2021-ல தமிழக அரசு அறிவிச்சது. நல்ல விஷயம்தான். ஆனா, 92 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 54 ரூபாய். எங்க கேன்டீன்ல ரெண்டு பரோட்டாவும் டீயும் சாப்பிட்டா தீர்ந்துடும்.

ஒன்பது மணிக்கு மேல அங்கே நிற்க முடியாது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. தொப்பி, கூலிங் கிளாஸ், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கட்டாயம். டாய்லெட் வேலையெல்லாம் ஊருக்குள்ளேயே முடிச்சுட்டு வாங்க, முக்கியமா கேர்ள்ஸ். அது அவங்க வேலை பார்க்கிற இடம், அதனால கேட்டுட்டு போட்டோ எடுங்க. கழுவெளிக்கு வனத்துறைகிட்ட கேட்டுட்டுப் போங்க, பைனாகுலர் கடன் வாங்குங்க. கூட்டத்துக்குக் கிட்டே ஓடிப்போய்ப் பறக்க விட்டு படம் எடுக்கிற ஹீரோயிஸம் வேண்டாமே. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்ததுங்க, சாப்பிடட்டும். நாங்க பார்த்தது கூழைக்கடா, நாரை, கருவால் மூக்கன் கூட்டம். பூநாரை? தூரத்துல ரோஸ் கலரா ஏதோ தெரிஞ்சது. அது பூநாரையா, பிளாஸ்டிக் பையாங்கிற பட்டிமன்றம் இன்னும் முடியலை!

நேரம் இருந்தா கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டையையும் சேர்த்துக்குங்க. 1750-ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்து, 1760-ல ஆங்கிலேயர் இடிச்சுப்போட்ட கோட்டை. இடிஞ்ச சுவர் மேல உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டா காத்து பிச்சுக்கும்.

ஆறு பேருக்கு மொத்தச் செலவு, ராஜஸ்தான் பட்ஜெட்டுல ஒருத்தர் ரயில் டிக்கெட்கூட வராது. கிளம்பும்போது அக்காகிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு திரும்பிப் போனோம்.

"நவம்பர்ல மறுபடி வர்றோம்க்கா, பறவை பார்க்க."

"வாங்க தம்பி. நான் இருக்க மாட்டேன். நாத்து நட எந்த ஊருல கூப்புடுறாங்களோ, அங்க போயிருப்பேன்."