வண்டிக்குள் ஹீட்டர்: சில குறிப்புகள்

லோத்குண்டாவில் எங்கள் தெரு இளைஞர் ஒருவர், பிக்கப் வண்டியின் பின்புறம் படுக்க வசதியாகக் கூண்டு கட்டி, குடும்பத்துடன் லடாக் போக இருக்கிறார். "உள்ளே எந்த ஹீட்டர் வைக்கலாம், ஸார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை நம் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

மின்சார ஹீட்டர் பேட்டரிக்குக் கட்டுப்படியாகாது. 1000 வாட் ஹீட்டர், 12 வோல்ட்டில் சுமார் 83 ஆம்பியர் இழுக்கும். பெரிய பேட்டரியும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

கேஸ் ஹீட்டர், கரிக் குமுட்டி இரண்டும் கூடவே கூடாது. மூடிய இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும், தூங்குபவருக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், கேஸ் ஹீட்டர் எரிந்த விடுதி அறையில் கேரளப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனில் 2 பேர் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை தரையிலிருந்த ஓட்டை வழியே உள்ளே வந்திருந்தது.

ஏற்றது டீசல் ஹீட்டர்தான். அது வெளிக்காற்றை இழுத்து, மூடிய கலத்தில் டீசலை எரித்து, புகையை வெளியே தள்ளும். சூடான காற்று மட்டும் தனி வழியில் உள்ளே வரும். பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. புகைக்குழாய்க்குக் கூண்டுக்குள் இணைப்பே இருக்கக் கூடாது. அதன் முனை ஜன்னலுக்கும் காற்று இழுக்கும் குழாய்க்கும் தள்ளி இருக்கட்டும்.
2. தரைத் துளையை உலோகத் தகட்டால் இறுக அடைக்க வேண்டும்.
3. லே நகரமே சுமார் 3500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது. உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதியுள்ள ஹீட்டரே நல்லது.
4. ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருக்கட்டும்.

தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அவசியம். ஹீட்டருக்கு முன்பு அதை வாங்குங்கள்.