பயோடீசலுக்கு எந்தப் பம்பு?

பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயை என்ன செய்கிறோம்? மீண்டும் அடுப்பில் ஏற்றுகிறோம், அல்லது சாக்கடையில் ஊற்றுகிறோம். அதைக் கொண்டு பயோடீசல் தயாரிக்கலாம் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கலாம். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்று படித்தபோது, நிலக்கடலை விளையும் வாழப்பாடிப் பக்கத்துப் பெண்களாகிய எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அதையே அறிவியல் கண்காட்சியில் செய்து காட்ட விரும்பினோம். "எங்கள் வீட்டில் பழைய தண்ணீர் மோட்டார் சும்மா கிடக்கிறது, செலவே இல்லை" என்றாள் ஒரு தோழி. சிஸ்டர் புன்னகையுடன், "அதில் ஓடப்போவது தண்ணீரா?" என்று கேட்டார்கள். நாங்கள் விடை தேடத் தொடங்கினோம்.

எண்ணெயுடன் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, இளஞ்சூட்டில் கலக்கினால் பயோடீசல் மேலேயும் கிளிசரின் அடியிலும் பிரியும். இதில் ஆபத்தானது மெத்தனால். சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். நம் ஊர் மார்கழிக் குளிரும் அதைவிடச் சூடானதே! சிங்கிள் பேஸ் மோட்டார் பலவற்றில் தொடக்கத்தில் இயங்கும் உள்சுவிட்சு பொறி தட்டும். அந்த ஒரு பொறி போதும்.

பம்பின் உடலையும் பார்க்க வேண்டும். சாதாரண ரப்பர் வாஷர் பயோடீசலில் ஊறி உப்பிக் கசியும். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரிக்கும். செம்பும் பித்தளையும் எரிபொருளைக் கெடுக்கும். ஆகவே இரும்பு அல்லது எஃகு உடலும், விட்டான் என்னும் செயற்கை ரப்பர் சீலும் தேவை. பொறி வெளியே பரவாத ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாரோ விலை மிகுந்தது.

அப்படியானால் மலிவான வழி? எண்ணெயையும் முடிந்த பயோடீசலையும் இறைக்க, பீப்பாயில் பொருத்திக் கையால் சுற்றும் இரும்புப் பம்பு போதும். மின்சாரமே வேண்டாம். பாத்திரத்தை உயரத்தில் வைத்துக் குழாயைத் திறந்தால் பம்பும் வேண்டாம்!

ஆனால் மெத்தனால் வீட்டுக்குள் வரக்கூடாது. அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். நம் சாலையிலேயே கிழக்கே உள்ள கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாம் மறக்கவில்லை.

எனவே கண்காட்சியில் வண்ண நீரையும் கைப்பம்பையும் வைத்தே விளக்கினோம். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் தொடங்கியது. எண்ணெயைச் சேர்த்துக் கொடுப்பது நம் பணி. மெத்தனாலைக் கையாள்வது உரிமம் பெற்ற ஆலையின் பணி.

தோழியரே, எப்பொருளை வாங்கும்போதும் விலையைக் கேட்குமுன், "இதில் ஓடப்போவது எது?" என்று கேட்போமாக!