எலும்பிலும் சதையிலும் எழும் கட்டிகள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடலாகிய இச்சுவரைத் தாங்கி நிற்பவை 206 எலும்புகள். நாம் நடக்கவும் ஓடவும், ஆலயத்தில் முழந்தாளிடவும், ஆண்டு விழாவில் கும்மியடிக்கவும் அவையே துணை. இவ்வெலும்புகளிலும் அவற்றைச் சூழ்ந்த சதையிலும் சில வேளைகளில் கட்டிகள் தோன்றுகின்றன. அவற்றுள் பல தீங்கற்றவை. சில மிகக் கொடியவை. கொடியனவற்றையும் உரிய காலத்தில் கண்டறிந்தால், உயிரையும் பெரும்பாலும் காலையுமே காப்பாற்ற இன்று வழி உண்டு. காலம் தாழ்த்தினால் அவ்வழி குறுகிவிடும். இதனை மாணவியரும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் ஊர்ப்பக்கம் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது பதினான்கு. வளையப்பந்து ஆடும்போது கீழே விழுகிறாள். முழங்காலுக்குச் சற்று மேலே வலி. "அடிபட்டதனாலே இருக்கும் கண்ணு, தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்கிறார் தாய். இரண்டு வாரம் சென்றும் வலி குறையவில்லை. பாட்டி அவளைச் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துச் செல்கிறார். அவர் நன்றாக நீவிவிட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிறார். கட்டை அவிழ்த்தபோது வீக்கம் முன்னைவிட அதிகம். பாவாடை மறைத்துவிடுவதால் பள்ளியில் எவர் கண்ணிலும் அது படவில்லை. அவளும் கூச்சத்தினால் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பில் கட்டி இருப்பது தெரிகிறது. இதில் எவரும் தீய எண்ணம் கொண்டவரல்லர். தாயும் பாட்டியும் அன்பினால்தான் அனைத்தையும் செய்தார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்தைத் திரும்பப் பெற முடியாது.

நல்லவையும் கெட்டவையும்

எலும்புக் கட்டி என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலின் அருகே எலும்பிலிருந்து சிறு மொட்டுப்போல் ஒன்று வளர்வதுண்டு. உடல் வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். தொந்தரவு கொடுத்தால் மட்டும் அகற்றினால் போதும். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் வரும் ஜயன்ட் செல் கட்டி என்பது எலும்பை அரிக்குமேயன்றிப் பெரும்பாலும் புற்றுநோய் அன்று. அதனைச் சுரண்டி எடுத்துவிட்டு, குழியை எலும்புத் துண்டுகளாலோ, எலும்புக்கெனச் செய்யப்பட்ட ஒருவகைச் சிமெண்டாலோ நிரப்புவார்கள்.

கொடியவற்றுள் முதன்மையானது ஆஸ்டியோசார்க்கோமா. இது பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் மிகுதியாக வருகிறது. தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல்முனை, தோளருகே கையெலும்பு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். எலும்பு விரைந்து நீளும் இடங்களும் இவையே. இளவயதினரைத் தாக்கும் மற்றொன்று யூயிங் சார்க்கோமா. 1921இல் இதனை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் யூயிங்கின் பெயரால் அது வழங்குகிறது.

இந்நோய்கள் அரியவை. ஆஸ்டியோசார்க்கோமா ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கே வருகிறது. அரிது என்பதனாலேயே எவரும் அதனை எதிர்பார்ப்பதில்லை. இது தொற்று நோய் அன்று. கண்ணேறும் அன்று, யாருடைய பாவத்தின் பலனும் அன்று. விழுந்ததனால் வருவதும் அன்று. விழுந்தபோது ஏற்பட்ட வலி, முன்பே அங்கிருந்த கட்டியை நமக்குக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எப்போது விழித்துக்கொள்ள வேண்டும்?

வளரும் வயதில் கால்வலி வருவது இயல்பே. அத்தகைய வலி பெரும்பாலும் இரு கால்களிலும் வரும்; வந்து வந்து போகும்; காலையில் பிள்ளை துள்ளி ஓடும். அவ்வாறன்றி, ஒரே காலில் ஒரே இடத்தில் வலி நிலைத்திருத்தல், ஓய்விலும் இரவிலும் வலித்துத் தூக்கத்தைக் கெடுத்தல், வாரத்துக்கு வாரம் கூடுதல், வீக்கம் தோன்றுதல், நொண்டி நடத்தல், சிறு அடிக்கே எலும்பு முறிதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அத்தகைய வலிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

சதையில் தோன்றும் கட்டிகளுக்கும் இதுபோல் ஓர் அளவு உண்டு. தோலுக்கடியில் மெத்தென்று அசையும் கொழுப்புக் கட்டி பலருக்கு இருக்கும்; அதனால் தீங்கில்லை. ஆனால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, சதையின் ஆழத்தில் இருக்கும் கட்டி ஆகியவற்றைச் சோதித்தே ஆக வேண்டும், வலி இல்லாவிட்டாலும்! கோழிமுட்டையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர். நாமக்கல் முட்டையைக் கையில் எடுக்காத வீடு நம் பக்கம் இல்லை. ஆகையால் முட்டையளவுக் கட்டி என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காரணம் தெரியாத வீக்கத்தை நீவுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடவே கூடாது. கட்டியால் பலமிழந்த எலும்பு முறியக்கூடும். கட்டிக்குள் இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, நோய் மற்ற இடங்களுக்குப் பரவ வழி ஏற்படலாம் என்றும் மருத்துவர்கள் அஞ்சுகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நாட்கள் வீணாகின்றன.

கண்டறியும் முறை

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரேதான் இன்றும் முதல் படி. கட்டி எலும்பை அரித்திருக்கிறதா, எலும்பின் மேலுறையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறதா, சூரியக் கதிர்கள்போல் புதிய எலும்பைப் பரப்பியிருக்கிறதா என்பவற்றை அப்படம் காட்டும். அடுத்து எம்.ஆர்.ஐ. படம். கட்டி எலும்புக்குள் எவ்வளவு தூரம் சென்றுள்ளது, அருகிலுள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் தொட்டுள்ளதா என்பதை அது தெரிவிக்கும். இந்நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்கே செல்லும். ஆகவே மார்பை சி.டி. ஸ்கேன் செய்கிறார்கள். மற்ற எலும்புகளையும் சோதிக்கிறார்கள்.

இவற்றுக்குப் பின் வருவது பயாப்ஸி. கட்டியிலிருந்து ஊசி மூலம் சிறு துணுக்கை எடுத்து நுண்பெருக்கியில் ஆராய்வதே அது. எலும்பில் வரும் காசநோயும் சீழ்க்கட்டும் சில வேளை புற்றுநோய்போலவே தோற்றமளிக்கும். துணுக்கைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

"கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்" என்று நம்மிடையே ஓர் அச்சம் உண்டு. இவ்வச்சத்தால் சோதனைக்கே உடன்படாதவர்கள் பலர். முறைப்படி செய்யும் பயாப்ஸியால் அஞ்சத்தக்க தீங்கு இல்லை. ஆனால் எந்த இடத்தில் ஊசி நுழைய வேண்டும் என்பதைப் பிறகு அறுவை செய்யப்போகும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஊசி சென்ற பாதையையும் கட்டியோடு சேர்த்து அவர் பின்னர் அகற்ற வேண்டியிருக்கும். தவறான இடத்தில் கீறினால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையும் இழக்க நேரலாம். ஆகவே அவசரப்பட்டு எங்கோ ஓரிடத்தில் கட்டியை அறுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு சிறிய கட்டியை அகற்றினாலும் அதனைச் சோதனைக்கு அனுப்பும்படி கேட்பது பெற்றோரின் கடமை.

சிகிச்சை

1970ஆம் ஆண்டுக்கு முன் ஆஸ்டியோசார்க்கோமாவுக்குக் காலை வெட்டி எடுப்பது ஒன்றே சிகிச்சை. அப்படிச் செய்தும் பத்துப் பேரில் இருவர்கூடப் பிழைப்பது அரிதாயிருந்தது. கட்டியைக் கண்டறியும் முன்பே, கண்ணுக்குத் தெரியாத நோய்த் துகள்கள் நுரையீரலை அடைந்திருந்ததே காரணம். மருந்துகள் வந்த பின் நிலைமை மாறியது. இன்று நோய் பரவாத நிலையில் முறையான சிகிச்சை பெறுவோருள் பத்துக்கு ஆறு ஏழு பேர் பிழைக்கின்றனர்.

இம்மருந்துகளில் முக்கியமான ஒன்று மெத்தோட்ரெக்சேட். இதன் பிறப்பில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகதா சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் தம் குழுவினரோடு இம்மருந்தை உருவாக்கினார். 1948இல் அவர் காலமானார். 1970களில் மருத்துவர்கள் இதனைப் பேரளவில் கொடுத்து எலும்புப் புற்றுநோயை அடக்க முடியும் என்று கண்டனர். இதனுடன் டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற மருந்துகளையும் சேர்த்துத் தருவது வழக்கம்.

முதலில் சில வாரங்கள் மருந்து. கட்டி ஒடுங்கியபின் அறுவை. அகற்றிய கட்டியில் எவ்வளவு பகுதி மடிந்துள்ளது என்று பார்ப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மடிந்திருந்தால் நல்ல அறிகுறி. பின்னர் மீண்டும் மருந்து. எல்லாம் முடிய ஏழெட்டு மாதங்கள் ஆகும். யூயிங் சார்க்கோமா கதிர்வீச்சுக்கும் கட்டுப்படும். சதையில் வரும் சார்க்கோமாவைச் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டு, தேவையானால் கதிர்வீச்சும் கொடுப்பார்கள்.

இன்று பெரும்பாலோருக்குக் காலை வெட்ட வேண்டியதில்லை. நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் உலோக எலும்பும் மூட்டும் பொருத்துகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் இதன் விலை ஏழைகளுக்கு எட்டாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன், ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கும் ஏற்ப இவ்வுலோக எலும்பை நம் நாட்டிலேயே செய்விக்க 1980களின் இறுதியிலிருந்து பாடுபட்டார். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வளரும் பிள்ளைகளுக்கென நீட்டிக்கக்கூடிய உலோக எலும்பும் இன்று உண்டு.

சிலருக்குக் காலை எடுத்தே தீர வேண்டிய நிலை வரலாம். அதுவும் வாழ்வின் முடிவு அன்று. கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் 1977இல், தம் பதினெட்டாம் வயதில், ஆஸ்டியோசார்க்கோமாவினால் வலது காலை இழந்தார். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் செயற்கைக் காலுடன் தம் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதே அவர் நோக்கம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். 1981இல் மறைந்தார். அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் மக்கள் ஓடி நிதி திரட்டுகின்றனர்.

எங்கே செல்வது?

சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் காட்டி எக்ஸ்ரே எடுக்கலாம். ஐயம் எழுந்தால், இந்நோயில் தேர்ந்த மருத்துவர்கள் கூடிப் பணியாற்றும் பெரிய மருத்துவமனைக்குச் செல்வதே நலம். சேலத்தில் இரயில் ஏறினால் காட்பாடியில் இறங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடையலாம். 1900இல் அமெரிக்கப் பெண்மணி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியது அது. அதே இரயில் பாதையில் சென்னை வரை சென்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை மனத்தில் வைத்து 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். இம்மூவரும் பெண்கள் என்பது நம் மாணவியர் எண்ணிப் பார்க்கத்தக்கது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் செலவில் உதவும்.

நம் கடமை

மாணவியரே, உடலில் வீக்கமோ விடாத வலியோ இருந்தால் மறைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், விடுதியில் இருப்பவர்கள் சிஸ்டரிடம் சொல்லுங்கள். பெண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமையே. பெற்றோரே, "வெளியே தெரிந்தால் நாளை இவளுக்கு வரன் வருமா?" என்ற கவலையில் நாட்களைக் கடத்தாதீர்கள். மகள் உயிரோடு இருந்தால்தானே மற்றவையெல்லாம்?

மருந்தினால் முடி உதிரும். சிகிச்சை முடிந்ததும் மீண்டும் வளரும். அத்தகைய தோழி ஒருத்தி தலையில் துணி கட்டிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பி வந்தால் உற்றுப் பார்க்காதீர்கள். முன்போலவே பக்கத்தில் இடம் கொடுங்கள். அவள் வராத நாட்களின் பாடங்களை எழுதி வைத்துக் கொடுங்கள். அதுவும் சிகிச்சையில் ஒரு பங்குதான்.

புற்றுநோயாளரின் பாதுகாவலராகத் திருச்சபை வணங்குபவர் இத்தாலி நாட்டுப் புனித பெரகிரின். அவர் காலில் புற்று வளர்ந்தது என்றும், காலை எடுக்க மருத்துவர் குறித்த நாளுக்கு முந்திய இரவு அவர் பாடுபட்ட சுரூபத்தின் முன் செபித்துக் குணமடைந்தார் என்றும் மரபு கூறுகிறது. இதில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. அவர் மருத்துவரிடம் காலைக் காட்டினார்; அவர் சொல்லுக்கும் உடன்பட்டார்; அதன் பின்னரே இறைவனிடம் தம்மை ஒப்படைத்தார். நாமும் அவ்வாறே செய்வோம். செபமாலை ஒரு கையில் இருக்கட்டும். மறு கை எக்ஸ்ரே படத்தைத் தாங்கட்டும். இறைவன் நம் பிள்ளைகள் அனைவரையும் காத்தருள்வாராக!