இன்சூரன்ஸ் செய்த வெளிநாட்டுப் பார்சல் தொலைந்துவிட்டதா? இழப்பீட்டை யார், எங்கே, எப்போது கேட்க வேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு வளைகாப்பு. நேரில் போக முடியாத அம்மா, 18 ஆயிரம் ரூபாய் பட்டுப்புடவையைப் பார்சல் கட்டி, அஞ்சலகத்தில் இன்சூரன்ஸ் கட்டணமும் செலுத்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ட்ராக்கிங்கில் 'வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி வருகிறது. அதோடு சரி. ஒரு மாதம் ஆச்சு, இரண்டு மாதம் ஆச்சு. வளைகாப்பு முடிந்து குழந்தையும் பிறந்தாச்சு. புடவை மட்டும் போய்ச் சேரவில்லை.

மகள் அங்குள்ள அஞ்சலகத்தில் கேட்டால், "அனுப்பியவரை அவங்க ஊர்ல கேட்கச் சொல்லுங்க" என்கிறார்கள். அம்மா இங்கே கவுன்ட்டரில் கேட்டால், "இந்தியாவை விட்டுப் போயிடுச்சும்மா, அங்க விசாரிக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். இரண்டில் எது சரி?

மகளுக்குக் கிடைத்த பதில்தான் சரி.

உரிமை அனுப்பியவருக்குத்தான்

நாடுகளுக்கு இடையிலான தபால் எல்லாம் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி நடக்கிறது. 1874-ல் தொடங்கிய இந்த அமைப்பின் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கிறது. இந்தியா உட்பட 192 நாடுகள் இதில் உறுப்பினர்கள். பார்சல் எந்த நாட்டில் தொலைந்தாலும், அனுப்பியவருக்குப் பணம் கொடுக்க வேண்டியது அதை வாங்கி ரசீது கொடுத்த நாட்டின் அஞ்சல் துறைதான் என்கிறது இதன் விதி. தவறு அந்த நாட்டில் நடந்திருந்தால், அங்கிருந்து வசூலிப்பது இரண்டு அஞ்சல் துறைகளுக்கும் இடையிலான கணக்கு. அதில் அம்மாவுக்கு வேலை இல்லை.

அதனால், "அங்கே போய்க் கேளுங்க" என்று சொன்னால் கவுன்ட்டரை விட்டு நகர வேண்டாம். அனுப்பியவர் விரும்பினால், தன் உரிமையைப் பெறுநருக்கு எழுத்து மூலம் விட்டுக்கொடுக்கலாம். பார்சல் உடைந்தோ பிரிக்கப்பட்டோ போய்ச் சேர்ந்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது பெறுநரே கேட்கலாம். ஆனால், வாங்கும்போதே சேதத்தைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

6 மாதம்தான் கெடு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். விசாரணை கேட்டு மனு கொடுக்க, பார்சல் அனுப்பிய மறுநாளில் இருந்து 6 மாதம்தான் அவகாசம். ட்ராக்கிங் நின்ற நாளில் இருந்தோ, தொலைந்தது தெரிந்த நாளில் இருந்தோ இல்லை. 'வரும், வரும்' என்று காத்திருந்து 7-வது மாதம் போனால், இன்சூரன்ஸ் இருந்தும் பயனில்லை.

விமானத்தில் அனுப்பிய பார்சல் ஒரு மாதமாக அசையாமல் இருந்தாலே மனு கொடுத்துவிடுவது நல்லது. இதற்கான சர்வதேசப் படிவத்தின் பெயர் சி.என்.08. அனுப்பிய ரசீது, இன்சூரன்ஸ் தொகை, 13 எழுத்து-எண்கள் கொண்ட ட்ராக்கிங் எண், உள்ளே இருந்த பொருட்களின் விவரம், வாங்கிய கடையின் பில் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வரக்கூடாது. நாளைக்கு 6 மாதக் கணக்கு வரும்போது அந்தத் துண்டுச்சீட்டுதான் பேசும்.

மனு அந்த நாட்டுக்குப் போகும். அங்கிருந்து 2 மாதமாகியும் முடிவான பதில் வராவிட்டால், அவர்கள் சார்பில் இங்கேயே இழப்பீட்டைக் கொடுத்து முடிக்க விதி அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது, அவ்வளவுதான். கட்டாயப்படுத்தவில்லை. அதனால், தேதி போட்டு நினைவூட்டல் கடிதம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியது அனுப்பியவர்தான்.

எவ்வளவு கிடைக்கும்?

இன்சூரன்ஸ் இல்லாத சாதாரணப் பார்சலுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: பார்சலுக்கு 40 எஸ்.டி.ஆர்., அதோடு கிலோவுக்கு நாலரை எஸ்.டி.ஆர். இந்த எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. மதிப்பு தினமும் மாறும். 5 கிலோ பார்சல் என்றால் 62.5 எஸ்.டி.ஆர். வரும். நம்ம பணத்தில் தோராயமாக 7 ஆயிரம் ரூபாய்.

இன்சூரன்ஸ் செய்திருந்தால் இந்த வரம்பு கிடையாது. இன்சூர் செய்த தொகை வரை கேட்கலாம். ஆனால், 18 ஆயிரத்துக்கு இன்சூர் செய்தால் 18 ஆயிரம் தானாக வந்துவிடும் என்று அர்த்தமில்லை. அனுப்பிய நேரத்தில், அந்த இடத்தில் பொருளுக்கு என்ன விலையோ அதுதான் அடிப்படை. தொலைந்த பார்சலுக்குக் கட்டிய அஞ்சல் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், இன்சூரன்ஸ் கட்டணம் மட்டும் கிடைக்காது. வளைகாப்புக்குப் புடவை வராத மனவருத்தத்துக்கோ, வியாபாரியாக இருந்தால் கைவிட்டுப் போன லாபத்துக்கோ இதில் இடமில்லை.

எல்லா நாட்டுக்கும் இன்சூரன்ஸ் வசதி இருக்காது, உச்சத்தொகையும் நாட்டுக்கு நாடு மாறும். ஈ.எம்.எஸ். எனப்படும் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட்டுக்கு விதிகள் தனி.

சுங்கப் படிவத்தில் 2 ஆயிரம், இன்சூரன்ஸில் 18 ஆயிரம்

வரி விழக்கூடாதே என்று சுங்கப் படிவத்தில் 'கிஃப்ட், 2 ஆயிரம் ரூபாய்' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால், பார்சல் தொலைந்தால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி அந்தப் படிவம். கையெழுத்துப் போட்டு 2 ஆயிரம் என்று சொன்ன பொருளுக்கு, 18 ஆயிரம் எப்படிக் கேட்க முடியும்?

உண்மையான மதிப்பைவிட அதிகத் தொகைக்கு மோசடியாக இன்சூர் செய்திருந்தால் அஞ்சல் துறைக்குப் பொறுப்பே இல்லை என்கிறது விதி. குறைத்து இன்சூர் செய்வதில் தப்பில்லை, அந்த அளவுக்குத்தான் பணம் வரும். தடை செய்யப்பட்ட பொருளை அனுப்பியிருந்தாலோ, அந்த நாட்டுச் சட்டப்படி பறிமுதல் ஆகியிருந்தாலோ எதுவும் கிடைக்காது.

இழுத்தடித்தால்?

1800 266 6868 என்பது இந்திய அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண். அதிலும் நகரவில்லை என்றால், மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளத்தில் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருட அவகாசமும் உண்டு. ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சலகச் சட்டம், விதிகளில் சொல்லப்பட்ட பொறுப்பைத் தவிர வேறு எதற்கும் அஞ்சல் துறை பொறுப்பாகாது என்கிறது. முறையான மனு கொடுக்காமல் நேராக வழக்குப் போட்டால், கை பலவீனமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. பணம் வாங்கிய பிறகு பார்சல் எங்கேயோ ஒரு குடோனில் கிடைத்தாலும் கிடைக்கும். அப்போது அனுப்பியவருக்குத் தகவல் வரும். 3 மாதத்துக்குள் இழப்பீட்டைத் திருப்பிக் கட்டிவிட்டுப் புடவையை வாங்கிக்கொள்ளலாம். பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது கொடுத்த பணத்தைவிடக் குறைந்த மதிப்புள்ள பொருள் என்று தெரிந்தால், பார்சலை வாங்கிக்கொண்டு இழப்பீட்டைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.