யார் முதலில் கொடுப்பது?

சென்ற வருடம் உயர்தர வகுப்புத் தொடங்கியபோது, பதிவு செய்யப்பட்ட பாடங்களைப் பார்க்க எனக்கொரு டெப் தேவைப்பட்டது. புதிதாக வாங்க வீட்டில் வசதியில்லை. இணைய விளம்பரமொன்றில் பாவித்த டெப் ஒன்று 28,000 ரூபாவுக்குக் கிடந்தது. விற்பவர் வெகு மரியாதையாகப் பேசினார். "இன்னும் ரெண்டு பேர் கேட்கிறாங்க தங்கச்சி. 10,000 ரூபா முற்பணம் போட்டால் உங்களுக்கென்று எடுத்து வைப்பேன்" என்றார். அவர் தந்த கணக்கு வேறொரு பெயரில் இருந்தது. கேட்டதற்கு, மனைவியின் கணக்கு என்றார். உம்மா தையல் கூலியில் கட்டிவந்த சீட்டுக் காசிலிருந்து அந்தத் தொகையை நானாவின் வங்கிச் செயலி மூலம் அனுப்பினோம். மறுநாள் காலை அந்தத் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. விளம்பரத்தையும் காணவில்லை.

உம்மா ஏசவில்லை. "சல்லி போனாப் போகட்டும் மகள். எப்படிப் போனது எண்டத விளங்கிக்கொள்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு தையல் இயந்திரத்தின் சத்தம் வழமையை விட நெடுநேரம் கேட்டது. அதன் பிறகு நான் தேடியும் கேட்டும் விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

கடையில் பொருள் வாங்கும்போது ஒரு கையில் பணம், மறு கையில் பொருள். இரண்டும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. முன்பின் அறியாத இருவர் இணையத்தில் வியாபாரம் செய்யும்போது இது நடப்பதில்லை. யாராவது ஒருவர் முதலில் கொடுத்துவிட்டு மற்றவரை நம்பிக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மோசடி நடக்கிறது. எனவே எந்தக் கொடுப்பனவு முறையைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். முதலில் கொடுப்பவர் யார்? அந்த இடைவெளியில் பணம் யாரிடம் இருக்கும்? பிழைத்துப் போனால் அதைத் திரும்பப் பெற வழியுண்டா?

நாம் அதிகம் பாவிக்கும் வங்கிப் பணமாற்றத்தை முதலில் பார்ப்போம். இலங்கையில் 2015 முதல் செஃப்ட்ஸ் எனப்படும் இலத்திரனியல் நிதிமாற்ற முறை இயங்கி வருகிறது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு, இரவானாலும் விடுமுறை நாளானாலும், சில நொடிகளில் பணம் போய்ச் சேர்கிறது. தெரிந்தவர்களுக்கு அனுப்ப இதைவிட இலகுவான வழியில்லை. ஆனால் அந்த வேகமே அந்நியரிடம் நமக்கு எதிரியாகிறது. நாங்கள் வங்கியில் முறையிட்டபோது, கணக்குக்குரியவரே விரும்பி அனுப்பிய பணம் இது, பெற்றவரின் சம்மதமின்றித் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். கள்வன் அட்டையைத் திருடி எடுத்த பணம் வேறு, நாமே அழுத்தி அனுப்பிய பணம் வேறு. ஆகவே பொருளைக் காணாமல் முழுப் பணத்தையோ முற்பணத்தையோ அந்நியரின் கணக்குக்கு அனுப்பக் கூடாது. கையடக்கத் தொலைபேசிப் பணப்பைகளுக்கும் இதே விதிதான். மீள்நிரப்பு அட்டை இலக்கத்தை அனுப்பச் சொன்னால் இன்னும் மோசம். அந்த இலக்கத்தைப் பாவித்தவர் யாரென்பதை நாம் அறியவே முடியாது.

பொருள் வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறை, வாங்குபவருக்கு இதைவிடப் பாதுகாப்பானது. பொதி வராவிட்டால் பணமும் போகாது. ஆனால் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகே பொதியைத் திறக்க விடுவார்கள். பெட்டிக்குள் டெப்புக்குப் பதிலாகச் செங்கல் இருந்தால், பொதியைக் கொண்டுவந்தவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. பொதி வந்து சேருமா என்ற பயத்தை இந்த முறை நீக்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற பயம் அப்படியே இருக்கிறது. எனவே ஒரு புத்தகம், ஒரு ஹிஜாப் போன்ற சிறு விலைப் பொருட்களுக்கு இது போதும்.

வங்கி அட்டையால் பதிவு பெற்ற வியாபாரி ஒருவருக்குப் பணம் செலுத்தினால், பொருள் வராதபோது அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட ஒரு வழியிருக்கிறது. தன் பழைய பொருளை விற்கும் தனிநபரிடம் அட்டை பெறும் வசதியே பொதுவாக இருக்காது. அப்படிப்பட்டவர் அட்டை இலக்கத்தையும் பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும் கேட்டால், அவர் விற்க வந்தவர் அல்லர்.

வேறு சில நாடுகளில், தனிநபர் விற்பனைக்கும் நடுவரொருவர் பணத்தை வைத்திருக்கும் தளங்கள் உண்டு. வாங்கியவர் பொருளைப் பார்த்துச் சரியென்ற பிறகே பணம் விற்றவருக்குப் போகும். மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை தரும் முறை இதுதான். ஆனால் அந்த நடுவரை விற்பவரே அறிமுகம் செய்து, தானே ஓர் இணைப்பையும் அனுப்பினால், நடுவரும் அவருடைய ஆளாகவே இருக்கலாம்.

விற்பவர்களும் ஏமாறுகிறார்கள். என் ராத்தா தன் பழைய தையல் இயந்திரத்தை விற்க முயன்றபோது, பணம் அனுப்பிவிட்டதாக ஒருவர் பற்றுச்சீட்டின் படமொன்றை அனுப்பி, முச்சக்கரவண்டியையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார். ராத்தா கணக்கைத் திறந்து பார்த்தார். ஒரு சதமும் வந்திருக்கவில்லை. படத்தை யாரும் திருத்தலாம். நம் கணக்கின் மீதியை நாமே பார்க்கும்வரை பணம் வரவில்லை என்றே கொள்ள வேண்டும். காசோலையும் அப்படித்தான். வைப்பிலிட்ட அன்று கணக்கில் தெரிந்தாலும், அது தீர்வாகும்வரை நம் பணமல்ல. இன்னொன்று, நமக்குப் பணம் வருவதற்குக் கணக்கிலக்கம், பெயர், வங்கி, கிளை ஆகியவை போதும். பணம் அனுப்புகிறேன், உங்களுக்கு வந்த ஓடிபி இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டால், அவர் நம்மிடமிருந்து எடுக்கப் போகிறார்.

அப்படியானால் எது பாதுகாப்பு? விலை கூடிய பாவித்த பொருளுக்கு, நேரில் சந்தித்து, பொருளைச் சோதித்து, அங்கேயே பணம் கொடுப்பதுதான் என்பதே என் முடிவு. பகல் வேளை, ஆட்கள் நடமாடும் இடம், முடிந்தால் வங்கிக் கிளையொன்றின் முன்பு. நம் போன்ற பெண் பிள்ளைகள் தனியே போகாமல் வாப்பாவையோ நானாவையோ கூட்டிச் செல்ல வேண்டும். 5,000 ரூபா நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து நீரடையாளத்தையும் பாதுகாப்பு நூலையும் பார்த்துக்கொள்ளலாம். காசு கொண்டு போகப் பயமென்றால், பொருளைக் கையில் வைத்துக்கொண்டே செயலியில் பணத்தை அனுப்பலாம். அங்கே செஃப்ட்ஸின் வேகம் இருவருக்கும் நன்மையாகிறது.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கியாருல் மஜ்லிஸ் என்றோர் உரிமை உண்டு. வாங்குபவரும் விற்பவரும் அந்தச் சபையை விட்டுப் பிரியும்வரை இருவருக்கும் வியாபாரத்தை முறித்துக்கொள்ள இடமிருக்கிறது. இதை இஸ்லாம் பாடத்தில் மனனம் செய்த எனக்கு, 10,000 ரூபா போன பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது. முகம் பார்த்து நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. நாங்கள் இரண்டு நாள் மறைத்தோம். அதுவே எங்கள் இரண்டாவது பிழை. உடனே வங்கிக்கு அறிவித்தால், பணம் அந்தக் கணக்கிலேயே இருக்கும்பட்சத்தில் ஏதாவது செய்ய ஒரு வாய்ப்பாவது இருக்கும். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம். இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் 101 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். குறுஞ்செய்திகளை, கோபத்தில்கூட, அழிக்கக் கூடாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதும் நாம் அறிந்ததே.

நான்கு மாதங்களுக்குப் பிறகு, வாப்பாவோடு போய் ஒரு வங்கியின் வாசலில் வைத்து 26,000 ரூபாவுக்கு ஒரு டெப் வாங்கினேன். விற்க வந்தவரும் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். நான் திரையை, ஒலியை, மின்னேற்றத்தை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு அவர் எங்கள் நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு முறை எண்ணினார். "குறை நினைக்காதீங்க, ஒருமுறை ஏமாந்திட்டேன்" என்றார். வாப்பா சிரித்துவிட்டு, "நாங்களும்தான்" என்றார்.